எழுத்திருந்த இடம்

விரலால் தொட்டால் சுண்ணாம்பு.
முந்தானை உரசினால் முந்தானையில் சுண்ணாம்பு.
நீலப் படகு என்று சொல்லித்தான் விற்றார் திரவியம்.
பாம்பன் தெற்குவாடி மணலில்
சாய்ந்து கிடந்த அந்த வெளுப்பை
நீலம் என்று ஒத்துக்கொள்ள
எனக்கு இரண்டு நாள் ஆனது.
அதைச் சொல்லியே நாலாயிரம் குறைத்தேன்.

"பெயின்ட் இல்லக்கா இது, ஜெல்கோட்.
மேல்தோல் மட்டும்தான் செத்திருக்கு.
உள்ள நிறம் அப்படியே கெடக்கும்" என்றான்
பாலிஷ் மெஷினை வாடகைக்குத் தந்த அஸ்கர்.
"ஆனா நகக்கனம்தான்.
தாண்டுனா நாரு தெரிஞ்சிரும்,
அப்புறம் என்னைய ஏசாதீங்க."

முதல் சண்டை தண்ணீருக்கு.
கடல் பத்தடியில் கிடக்கு, மொண்டு ஊத்து என்றார் செலஸ்டின்.
உப்புத்தண்ணி காய்ந்தால் அதுவே உப்புத்தாள் என்றேன்.
ஒன்பது வருடமாக இந்தப் படகைத் தேய்த்ததும்
அந்தத் தாள்தானே.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஆறு குடம் படகு குடித்தது.
அன்றைக்கு நாங்கள் குளிக்கவில்லை.

கச்சான் எழும்பும் முன் வேலை முடிய வேண்டும்.
எட்டு மணிக்கு மேல் காற்று மணலோடு வரும்.
மெழுகில் ஒரு பரல் விழுந்தாலும்
துடைக்கிற துணியே கீறிவிடும்.
அதனால் நாலரைக்கே,
செல்போனை நங்கூரத்தில் சாய்த்துவைத்து,
நானூறு,
எண்ணூறு,
ஆயிரத்து இருநூறு.
எண் ஏற ஏறத் தாள் மெத்தென்றாகியது.
நீராகாரம்போல் வழிந்தது ஒன்பது கோடை.

இடப்பக்க அணியத்துக்கு வந்தபோது
கை தானாக நின்றது.
ஸ்டிக்கர் உரித்த இடம்.
வெயில் தொடாத நீலத்தில்
சாண் உயரத்துக்கு மூன்று எழுத்து:
ஜெனோவா.
விலை பேசிய நாளிலேயே பார்த்ததுதான்.
மொத்தப் படகில் நீலமாய் இருந்தது
அந்தப் பெயர் ஒன்றுதான்.
மகளா, இறந்த தாயா, வேண்டுதலுக்கு வைத்த புனிதையா,
கேட்டதில்லை.
விலையைக் குறைக்கிற வாயால்
சில கேள்விகளைக் கேட்க முடியாது.

எவ்வளவு தேய்ப்பது என்பதற்கு
அந்த எழுத்துதான் எனக்கு அளவு.
சுற்றியுள்ள நீலம் அதைப்போல் ஆகும்வரை.
அதாவது, அது காணாமல்போகும்வரை.

முதலில் 'வா'வின் கால் கரைந்தது.
கொஞ்ச நேரம் 'வ' ஒற்றையாய் நின்றது,
பிறகு அதுவும் இல்லை.
'னோ'வின் கொம்பு போனதும்
ஒரு நிமிடம் ஜெனா என்று யாரோ இருந்தாள்.
காப்பி ஆறுகிறது என்று செலஸ்டின் கூப்பிட்டார்.
திரும்பி வந்து பார்த்தால்
எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.
எல்லாம் நீலம்.

மூன்றாம் நாள் திரவியம் வந்தார்.
இப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார்.
ஒரு சுற்று சுற்றினார்.
"எத்தனாம் நம்பர்ல நிப்பாட்டுன?"
"ரெண்டாயிரம்."
"காம்பவுண்டு?"
"ரெண்டு கை. அதுக்கு மேல மெழுகு மூணு."
"ம். நாலாயிரத்துக்கு நானே தேச்சிருப்பேன்."
சிரிக்கத்தான் சொன்னார், எனக்கு வரவில்லை.

பிறகு கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு
அணியத்தைத் தொட்டார்.
விரல் ஓரிடத்தில் வளைந்தது.
இறங்கியது, சுழித்தது, மறுபடி ஏறியது.
எழுதப் பழகும் பிள்ளையின் விரலைப்போல் இல்லை;
பூட்டைத் தேடும் சாவியைப்போல்.
"இருக்கு" என்றார்,
என்னிடம் இல்லை.

அவர் போனபின் நானும் அதே இடத்தில் கை வைத்தேன்.
வழவழப்பு. ஒரு விளிம்பும் தட்டவில்லை.
என் விரல் நுனியை
உப்புத்தாள் தேய்த்துவிட்டிருந்தது.

நாளைக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஆள் வருகிறது.
பெயர் இன்னும் முடிவாகவில்லை.
எதுவானாலும்
கொஞ்சம் தள்ளி ஒட்டச் சொல்ல வேண்டும்.